படுத்தால் வரும் படபடப்பு: வேகஸ் நரம்பு கிளப்பிவிட்ட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (நிகழ்வு ஆய்வு)

நோயாளி 47 வயது ஆண். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை, பகல் ஷிஃப்ட் மட்டும். எடை 74 கிலோ, உயரம் 173 செ.மீ., இரத்த அழுத்தம் 124/78. சர்க்கரை இல்லை, புகைப்பழக்கம் இல்லை. சனிக்கிழமை இரவில் இரண்டு கேன் பீர். வாரத்துக்கு 40 கிலோமீட்டர் ஓடுபவர். பினாங்குப் பாலத்து மராத்தானுக்கு ஆண்டுதோறும் பெயர் கொடுப்பவர். இவர் ஒரே ஆள் அல்ல. இந்த வகை நோயாளிகளிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் கூறுகளைச் சேர்த்துப் பாடத்துக்காக அமைத்த நிகழ்வு இது.

பதினான்கு மாதமாகப் படபடப்பு. வந்தால் பெரும்பாலும் இரவு பத்துக்கும் விடிகாலை நான்குக்கும் இடையில்தான். முதல் முறை அவசரப் பிரிவுக்குப் போனபோது எடுத்த ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்குவது) தெளிவாக இருந்தது: மேலறைத் தூண்டலைக் காட்டும் பி அலை இல்லை, துடிப்பு ஒழுங்கே இல்லை. ஆனால் வேகம் நிமிடத்துக்கு 86தான். காலை ஐந்து மணிக்குத் தானாகவே சரியானது. துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்தான பைசோப்ரொலோல் 2.5 மி.கி. எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். மாதம் ஒருமுறை வந்தது பத்து நாளுக்கு ஒருமுறை ஆனது. மருந்து பத்தவில்லை என்று 5 மி.கி. ஆக்கினார்கள். வாரம் இரண்டு முறை ஆனது. இரண்டு மணி நேரம் இருந்தது ஒன்பது மணி நேரம் வரை நீண்டது. ஓய்வுத் துடிப்பு 52இலிருந்து 44க்கு இறங்கியது. அடுத்து 7.5 மி.கி. என்ற பேச்சு எழுந்தபோதுதான் இதய மருத்துவரிடம் வந்தார்.

பீட்டா பிளாக்கர் கொடுத்தது கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் துடிப்பு வேகத்தை அடக்க வழிகாட்டி நூல்கள் முதல் வரிசையில் சொல்லும் மருந்துகளில் அதுவும் ஒன்று. தவறு அடுத்த படியில் நடந்தது. மருந்து கொடுத்தபின் நோய் கூடினால் அளவைக் கூட்டுவதற்கு முன், மருந்தே காரணமா என்று ஒரு தடவை யோசித்திருக்க வேண்டும்.

513 படியும் ஒரு கிளாஸ் சிராப் பண்டுங்கும்

வரலாறு கேட்கும்போது தைப்பூசத்தைப் பற்றிய பேச்சில் முடிச்சு அவிழ்ந்தது. தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் பால்குடத்தோடு ஏறியிருக்கிறார், காலையிலிருந்து வெறும் வயிறு. இதயம் கெட்டிருந்தால் அங்கேதான் தொல்லை கொடுத்திருக்க வேண்டும்.

“படியேறும்போது படபடப்பு வந்துச்சாங்க?”

“இல்ல டாக்டர். ஏறி எறங்கி, வீட்டுக்கு வந்து குளிச்சு, நல்லா சாப்ட்டு, ஆயிஸ் போட்ட சிராப் பண்டுங் ஒரு கிளாஸ் ஒரே மூச்சுல குடிச்சேன். சோபாவுல சாஞ்சேன். அப்பதான்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சேர்த்துக்கொண்டார்: “ஓடுறப்ப ஒண்ணுமே இல்ல டாக்டர். இவரு தூங்குறப்பதான் நான் முழிச்சுக்கிட்டு இருக்கேன்.”

இந்த நான்கு வரிகளில் நோயறிதல் பெரும்பாலும் முடிந்துவிட்டது. உழைப்பு முடிந்து ஓய்வுக்கு இறங்கும் நேரம், நிறைந்த வயிறு, உணவுக்குழாய் வழியாக இறங்கும் ஐஸ் பானம் (சிராப் பண்டுங் என்பது ரோஜா சிரப்பும் பாலும் கலந்தது), படுக்கை. நான்கும் ஒரே நரம்பைத்தான், இதயத்தை மெதுவாக்கும் வேகஸைத்தான், தூண்டுகின்றன. உணவுக்குழாய் இடது மேலறையின் முதுகை ஒட்டியே இறங்குகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் குளிர்பானத்தின் பங்கு புரியும். இன்னொரு துப்பும் கிடைத்தது: படபடப்பு வந்த இரவுகளில் அரை மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும்போது அவற்றின் சுவரிலிருந்து ஏட்ரியல் நேட்ரியுரெட்டிக் பெப்டைடு சுரந்து சிறுநீரைக் கூட்டும். ‘இரவில் நாலு தடவை பாத்ரூம்’ என்பதை 47 வயதில் உடனே ப்ராஸ்டேட் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

பிரேக் எங்கே இருக்கிறது

நரம்பே இல்லாமல் விட்டால் இதயம் தன் போக்கில் எவ்வளவு துடிக்கும்? 1970இல் ஜோஸும் காலிசனும் இதயத்தை வேகப்படுத்தும் பரிவு நரம்பு, மெதுவாக்கும் துணைப்பரிவு நரம்பு (வேகஸ் இந்த வகை) இரண்டையும் மருந்தால் அடைத்துவிட்டு அளந்து ஒரு வாய்பாடு கொடுத்தார்கள்: 118.1இலிருந்து வயதை 0.57ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். 47 வயதுக்கு ஏறத்தாழ 91 வருகிறது. இவருக்கு ஓய்வில் 52. ஓடுபவர்களிடம், துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவே கொஞ்சம் மெதுவாகிவிடுவதும் உண்டு என்றாலும், இந்த 39 துடிப்பு வித்தியாசத்தில் பெரும்பங்கு வேகஸ் போடும் பிரேக்.

வேகஸ் நரம்பின் முனையில் அசிட்டைல்கொலின் சுரக்கிறது. (நரம்பு வேதிப்பொருள் வழியாகப் பேசுகிறது என்பதையே 1921இல் ஓட்டோ லோவி இதே வேகஸை வைத்து, இரண்டு தவளை இதயங்களைக் கொண்டு காட்டினார், 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) அது மேலறைச் செல்லின் எம்2 ஏற்பியில் உட்காரும், ஒரு பொட்டாசியம் கதவு திறக்கும். பொட்டாசியம் வெளியேற, செல்லின் மின்தூண்டல் சீக்கிரமே முடிந்துவிடும். அடுத்த தூண்டலை ஏற்காமல் செல் ‘கதவடைத்து’ இருக்கும் நேரம் குறுகும்.

இதை எண்ணில் போட்டுப் பார்த்தால் ஆபத்து தெரியும். மேலறையில் மின் அலை வினாடிக்கு 80 செ.மீ. ஓடுவதாகவும், கதவடைப்பு நேரம் 220 மில்லிவினாடி என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு சுழல் அலை தன் வாலைத் தானே மிதிக்காமல் சுற்ற 17.6 செ.மீ. பாதை வேண்டும். வேகஸ் அந்த நேரத்தை 120க்குக் குறைத்தால் 9.6 செ.மீ. போதும். மேலறை பெரிதாகவே வேண்டாம். நல்ல, வீங்காத மேலறையிலேயே ஒன்றுக்கு இரண்டாகச் சுழல்கள் இடம்பிடித்துவிடும். போதாக்குறைக்கு வேகஸ் நுனிகள் மேலறை முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஓரிடத்தில் கதவு சீக்கிரம் திறக்கும், பக்கத்தில் தாமதமாகும். அந்த ஏற்றத்தாழ்வுதான் சுழலுக்குத் தொடக்கம் தருகிறது.

மேலறைத் துடிப்பைக் கீழறைக்குக் கடத்தும் ஏவி கணுவையும் அதே வேகஸ் அடக்குவதால் கீழறைக்கு எல்லாத் துடிப்பும் இறங்குவதில்லை. முதல் ஈசிஜியில் வேகம் 86 மட்டும் இருந்ததற்குக் காரணம் இதுவே. ‘வேகம் கம்மி, லேசான கேஸ்’ என்று படித்ததை ‘வேகஸ் முழுப் பிடியில் இருக்கிறது’ என்று படித்திருக்கலாம்.

பீட்டா பிளாக்கர் என்ன செய்தது? பிரேக்குக்கு எதிராக இருந்த ஆக்ஸிலரேட்டரைக் கழற்றிவிட்டது. பரிவு நரம்பின் எதிர்ப்பு இல்லாமல் வேகஸ் தனியாட்டம் ஆடியது. துடிப்பை அடக்கக் கொடுக்கும் இன்னொரு மருந்தான டைகாக்ஸின் இன்னும் மோசம். அது வேகஸையே நேரடியாகத் தூண்டுகிறது. பிரெஞ்சு மருத்துவர் ஃபிலிப் கூமெல் 1978இலேயே இந்த வகையைத் தனியாகப் பிரித்து எழுதினார்: பெரும்பாலும் ஆண்கள், நடு வயது, இதயத்தில் வேறு கோளாறு இல்லை, இரவில் அல்லது சாப்பாட்டுக்குப் பின் தொடக்கம், தொடங்குமுன் துடிப்பு மெதுவாகிக்கொண்டே வரும்.

இதற்கு நேர்மாறான வகை பகலில், கோபத்தில், ஓட்டத்தின் உச்சத்தில், தைராய்டு கூடும்போது வரும். அங்கே பரிவு நரம்பு செல்லுக்குள் கால்சியத்தைக் கசியவிட்டுக் கூடுதல் துடிப்புகளைக் கிளப்புகிறது. பீட்டா பிளாக்கர் கைகொடுக்கும். ஆனால் இரண்டு பெட்டிகளில் ஒன்றில் எல்லோரையும் போட்டுவிட முடியும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 2008இல் வெளிவந்த யூரோ ஹார்ட் சர்வே ஆய்வில் விட்டுவிட்டு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களில் தெளிவான வேகஸ் வகை 6 விழுக்காடு, பரிவு வகை 15, கலப்பு 12. மீதிப் பேருக்கு எந்தத் தெளிவான தூண்டலும் இல்லை. தொடங்குமுன் முதலில் பரிவு நரம்பு ஏறி, பிறகு சட்டென்று வேகஸ் பக்கம் சாய்வதை ஹோல்டர் (நாள் முழுக்க எடுக்கும் ஈசிஜி) பதிவுகளில் காட்டிய 2002ஆம் ஆண்டு ஆய்வும் உண்டு. தைப்பூச நாளில் இவருக்கு நடந்தது ஏறக்குறைய அதே வரிசை.

ஐஸ் வாளியில் முகம்

இடையில் ஒரு கூத்து. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவைப் பார்த்து, படபடப்பு வந்த இரவுகளில் முகத்தை ஐஸ் தண்ணீர் வாளியில் அமிழ்த்தியிருக்கிறார். மூச்சை அடக்கி முக்கியும் பார்த்திருக்கிறார். வீடியோ பொய்யல்ல, அது வேறு நோய்க்கு. ஏவி கணு வழியாகச் சுற்றும் எஸ்விடியில் (திடீரென்று வரும் ஒழுங்கான வேகத் துடிப்பு) வேகஸைத் தூண்டினால் கணு ஒரு கணம் அடைபட்டுச் சுற்று அறுந்துவிடும். 2015இல் பிரிட்டனில் நடந்த ரிவர்ட் ஆய்வில், 15 வினாடி மூச்சை அடக்கி முக்கியதும் படுக்க வைத்து கால்களை 45 டிகிரி தூக்கும் முறையில் 43 விழுக்காட்டினருக்கு நின்றது. உட்கார்ந்தபடியே முக்கியவர்களில் 17தான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனின் சுற்று ஏவி கணுவில் இல்லை, மேலறையிலேயே இருக்கிறது. அங்கே வேகஸைத் தூண்டுவது எரிகிற அடுப்பில் இன்னொரு விறகு. எஸ்விடிக்கு ஊசியில் கொடுக்கும் அடினோசினும் அதே பொட்டாசியம் கதவைத்தான் திறக்கிறது. அதனாலேயே சிலருக்கு எஸ்விடி நின்ற கையோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கிளம்புவதை அவசரப் பிரிவில் பார்க்கலாம்.

சோதனைகள்

எக்கோவில் இடது கீழறையின் வெளியேற்ற விகிதம் 62%, இடது மேலறை 37 மி.மீ. தைராய்டு, பொட்டாசியம், மெக்னீசியம் சரி. இரவில் வரும் எந்தத் தாளக் கோளாற்றுக்கும் தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்; மூச்சு அடைபட்ட நேரத்தில் வேகஸ், திணறி விழிக்கும் நேரத்தில் பரிவு என இரண்டும் மாறிமாறி அடிக்கும். குறட்டை உள்ள பருத்த ஆளாக இருந்தால் பெரும்பாலும் விடை அங்கேயே முடிந்துவிடும். இவருக்கு மணிக்கு 4 தடை மட்டுமே, அதாவது இயல்பு.

பைசோப்ரொலோலை ஒரேயடியாக நிறுத்தவில்லை. ஒரு வாரம் 2.5 மி.கி., பிறகு பூச்சியம். பிறகே மார்பில் ஏழு நாள் ஒட்டும் ஈசிஜி பேட்ச். நான்காம் இரவில் ஒரு தொடக்கம் பதிவானது. 2:25க்குத் துடிப்பு 58, 2:35க்கு 53, 2:46க்கு 47. 2:47க்கு முந்தைய துடிப்பிலிருந்து 340 மில்லிவினாடியில் ஒரு மேலறைக் கூடுதல் துடிப்பு. அங்கிருந்து ஒழுங்கு போயிற்று. காலை 6:10க்கு எழுந்து நடந்த சில நிமிடத்தில் நின்றது. நின்ற இடத்தில் 2.8 வினாடி வெற்றிடம். இதைப் பார்த்துப் பேஸ்மேக்கர் பேச்சை எடுக்கத் தேவையில்லை. நடுக்கம் முடிந்ததும் சைனஸ் கணு விழித்துக்கொள்ள எடுக்கும் நேரம் இது. நடுக்கத்தை நிறுத்தினால் வெற்றிடமும் போய்விடும்.

பேட்ச் அறிக்கையில் இதயத் துடிப்பு மாறுபாட்டு எண்கள் ஒரு பக்கம் நிறைய வந்தன. அதில் எல்எஃப்/எச்எஃப் (தாழ், உயர் அதிர்வெண்) விகிதத்தைப் ‘பரிவுக்கும் வேகஸுக்கும் உள்ள தராசு’ என்று எழுதுவது வழக்கம். அந்த விகிதம் அவ்வளவு நேர்மையான தராசு அல்ல. தொடக்கத்துக்கு முந்தைய இருபது நிமிடத்தின் மூல ஈசிஜிப் பதிவை ஒரு வரி விடாமல் பார்ப்பதே மேல்.

டிரெட்மில்லில் புரூஸ் முறைப்படி 12 நிமிடம், உச்சம் 168, இரத்த ஓட்டக் குறை இல்லை, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் இல்லை. இறங்கி உட்கார்ந்த நான்காம் நிமிடத்தில் மேலறைக் கூடுதல் துடிப்புகள் கொத்தாக வந்தன. ஓடிய மெஷினை நிறுத்தியதும் ஒயரைக் கழற்றிவிடும் பழக்கம் இருந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

ஃப்ளெகெய்னைடுக்கு முன் ஒரு கேள்வி

படபடப்பு வந்தபோது மட்டும் போட்டுக்கொள்ளும் ‘சட்டைப்பை மாத்திரை’யாக, தாளத்தைத் திருப்பும் ஃப்ளெகெய்னைடு இவருக்குப் பொருந்தும் என்று தோன்றியது. ஆனால் குடும்ப வரலாற்றில் ஒரு வரி நின்று பார்க்க வைத்தது: சித்தப்பா 41 வயதில் தூக்கத்தில் இறந்திருக்கிறார், காரணம் தெரியாது.

தென்கிழக்காசியாவில் இதைக் கேட்டால் புருகாடா நோய்க்குறியை (இதய மின்தூண்டல் கோளாறால் திடீர் மரணம் வரக்கூடிய மரபுவழி நோய்) நினைக்காமல் இருக்கக் கூடாது. தாய்லாந்தில் ‘லாய் தாய்’ என்றும் பிலிப்பைன்ஸில் ‘பாங்குங்கோட்’ என்றும் ஊர்மொழியில் சொல்லும் திடீர் தூக்க மரணங்களோடு தொடர்புடையது. அதுவும் வேகஸ் கை ஓங்கும் நேரத்தில், தூக்கத்தில், வயிறு நிறைந்தபின், காய்ச்சலில் தலைகாட்டும். அந்த நோயாளிகளுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வருவதும் உண்டு. ஃப்ளெகெய்னைடோ, மறைந்திருக்கும் புருகாடாவை வெளிக்கொண்டுவரச் சோதனையில் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று. வீட்டில் நடுராத்திரி தனியாக அதைப் போட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அதனால் மார்பில் ஒட்டும் வி1, வி2 ஈசிஜி மின்முனைகளை வழக்கமான நான்காம் விலா இடைவெளியில் மட்டுமல்லாமல் மூன்றிலும் இரண்டிலும் வைத்து ஈசிஜி எடுக்கப்பட்டது. எஸ்டி பகுதி 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் எழும்பி, வளைந்து சரியும் முதல் வகை வடிவம் எங்கும் இல்லை. இருந்தும் முதல் மாத்திரை வார்டில்தான் என்று முடிவானது. சித்தப்பா கதை இல்லாவிட்டாலும் முதல் தடவை மருத்துவமனையில்தான் போட வேண்டும். மாரடைப்புத் தழும்பு உள்ளவர்களுக்கு இந்த மருந்து இறப்பைக் கூட்டியதை காஸ்ட் ஆய்வு 1989இலேயே காட்டிவிட்டது; எக்கோவும் டிரெட்மில்லும் முன்னதாகச் செய்ததற்கு அதுவே காரணம்.

அடுத்த தடவை வந்தபோது இரவு 11 மணிக்கு நேரே வார்டுக்கு வந்தார். முதலில் டில்டியாசெம் 60 மி.கி. அரை மணி கழித்து ஃப்ளெகெய்னைடு 100 மி.கி. மாத்திரை மூன்று, 70 கிலோவுக்குக் குறைந்தவருக்கு இரண்டு. டில்டியாசெம் எதற்கு என்றால், ஃப்ளெகெய்னைடு மேலறை அலையை மெதுவாக்கி நடுக்கத்தை ஃப்ளட்டராக (மேலறையின் ஒழுங்கான, மிக வேகமான துடிப்பு) மாற்றிவிடலாம். நிமிடத்துக்கு 300 ஓட வேண்டிய ஃப்ளட்டர் 200க்கு இறங்கும். கேட்க நல்லது போலத் தோன்றும். ஆனால் 300ஐ வடிகட்டிய ஏவி கணு, 200 என்றால் ஒன்று விடாமல் கீழே அனுப்பிவிடக்கூடும். அரை மணி முன்பே கணுவுக்குப் பூட்டுப் போடுவது அதற்காக. பீட்டா பிளாக்கர் ஒரே ஒரு வேளை கொடுத்தாலும் தவறில்லை. இவரைப் படுத்தியது தினசரி வேளைதான்.

ஈசிஜியில் கீழறைத் தூண்டலைக் காட்டும் க்யூஆர்எஸ் அகலம் 92இலிருந்து 104 மில்லிவினாடி ஆனது. கால்பங்கு கூடியிருந்தால் இந்த மருந்தை அத்தோடு கைவிட்டிருப்பார்கள். வி1, வி2 மாறவில்லை. 1:50க்கு சைனஸ் தாளம் திரும்பியது.

வீட்டுக்கு அனுப்பும்போது மனைவியிடமும் சேர்த்துச் சொன்ன ஒரு விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வேகஸ் வகையினர் சிலருக்கு எழுந்து பத்து நிமிடம் வேகமாக நடந்தாலே நின்றுவிடும். மாத்திரை போடுமுன் அதை முயன்று பார்க்கலாம். மாத்திரை போட்டபின் நடக்கவே கூடாது, படியேறவே கூடாது. பரிவு நரம்பு எழுந்தால் ஏவி கணுவின் பூட்டுத் திறந்து, மேலே சொன்ன 200 அப்படியே இறங்கும். தாளம் திரும்பும் வரை, அல்லது குறைந்தது நான்கு மணி நேரம், சாய்ந்து உட்கார வேண்டும். 24 மணி நேரத்தில் இரண்டாம் வேளை கிடையாது. மயக்கம், நெஞ்சுவலி, ஆறு மணி நேரத்திலும் நிற்காதது என்றால் மருத்துவமனை.

வேகஸையே அடக்கும் குணம் உள்ள தாள மருந்தான டிசோபிரமைடு இன்னொரு வழி. வாய் உலர்வது, சிறுநீர் அடைபடுவது, ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீள்வது என்று அதற்குரிய தொல்லைகள் உண்டு. தினமும் விழுங்க வேண்டும். இவருக்கு எடுக்கவில்லை. இரத்த உறைதடுப்பு மருந்தும் அப்போது தேவைப்படவில்லை, பக்கவாத ஆபத்து மதிப்பெண் பூச்சியம். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள், பாதி வயிறு, ஐஸ் பானம் ஒரே மூச்சில் குடிப்பது இல்லை, பீர் இல்லை, இடப்பக்கம் படுத்தால் வருகிறது என்று அவரே கவனித்திருந்ததால் வலப்பக்கம். பைசோப்ரொலோல் நின்ற பின் ஆறு வாரத்தில் மொத்தம் மூன்று முறைதான் வந்தது.

பாலத்து மராத்தான் திரும்பியபோது

ஏழாம் மாதம் பயிற்சியைக் கூட்டினார், வாரம் 60 கிலோமீட்டர். மறுபடி வாரம் ஒருமுறை. ஓட்டத்தைக் குறைத்தால் குறையும் என்பது அவருக்குத் தெரியும், குறைக்க மனமில்லை. நுரையீரல் சிரைகளின் வாயைச் சுற்றித் தீய்த்து, மின்துடிப்பு மேலறைக்கு வராமல் அவற்றைத் தனிமைப்படுத்தும் அப்ளேஷனைத் தேர்ந்தெடுத்தார். தொடங்கிவைக்கும் கூடுதல் துடிப்புகள் பெரும்பாலும் அந்தச் சிரைகளின் வாயிலிருந்தே வருகின்றன என்பதை 1998இல் போர்தோ நகரில் ஹைஸாகேரின் குழு காட்டியது. வேகஸின் நரம்பு முடிச்சுகளும் அதே வாசலைச் சுற்றிக் கொழுப்புத் திட்டுகளுக்குள் கிடக்கின்றன. ரேடியோ அலைச் சூடு சிரையைத் துண்டிக்கும்போது முடிச்சுகளையும் தீய்க்கும். இப்போது பரவிவரும் துடிப்பு மின்புல முறை நரம்பு முடிச்சுகளை அவ்வளவாகத் தொடுவதில்லை. உணவுக்குழாய்க்கு அது பாதுகாப்பு. வேகஸ் வகையினருக்கு எது மேல் என்பதில் இரு பக்கமும் வாதம் இருக்கிறது. இவருக்குச் செய்தது ரேடியோ அலை.

இடது மேல் சிரையின் வாயில் சூடு வைத்த பன்னிரண்டாம் வினாடியில் துடிப்பு 60இலிருந்து 30க்கு விழுந்து, பிறகு ஐந்து வினாடி ஒன்றுமே இல்லை. கீழறையில் தயாராக வைத்திருந்த கம்பி வழியாக பேஸிங் தொடங்கியது. முடிச்சு கருகுமுன் போடும் கடைசிக் கூச்சல் அது. கம்பியை முன்னதாகவே வைத்திருந்தால் பதற்றமில்லை. அதன்பின் ஓய்வுத் துடிப்பு 70. வெளியே வரும்போது இரத்த உறைதடுப்பு மருந்தான அபிக்ஸபான் 5 மி.கி. இரு வேளை, இரண்டு மாதத்துக்கு. மதிப்பெண் பூச்சியமானாலும் சூடுபட்ட சுவர் ஆறும் வரை இது உண்டு.

மூன்றாம் வாரம் அவசரமாக வந்தார். கைக்கடிகாரம் ‘ஓய்வுத் துடிப்பு வழக்கத்தைவிடக் கூடுதல்’ என்று மூன்று நாளாக எச்சரிக்கிறது.

“ஓட்டமெல்லாம் வீணாப் போச்சா டாக்டர்? அம்பத்திரண்டு இருந்தது, இப்ப அறுபத்தெட்டு.”

91, 52, 68 என்று மூன்று எண்ணை வரிசையாகத் தாளில் எழுதிக் காட்டி, பிரேக் கொஞ்சம் தளர்ந்திருப்பதால் ஏறியிருக்கிறது, இதயத்தின் பலம் குறையவில்லை, நரம்பு சில மாதங்களில் ஓரளவு திரும்ப முளைக்கும் என்று விளக்க வேண்டியிருந்தது. கடிகாரத்தின் எச்சரிக்கை வரம்பை மாற்றி வைத்தார்கள். ஆறாம் மாத ஏழு நாள் பேட்ச்சில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இல்லை. இரவின் மிகக் குறைந்த துடிப்பு முன்பு 38, இப்போது 51.